இருமல் மருந்தும் நாமும்

மார்கழிப் பனி தொடங்கிவிட்டால் எங்கள் காலை வழிபாட்டில் செபத்தைவிட இருமலே உரக்கக் கேட்கும். கிறிஸ்து பிறப்புப் பாடல் பயிற்சியைச் சொல்லவே வேண்டாம். குரலை உயர்த்திப் பாட வேண்டிய இடத்தில் மூன்று பேராவது லொக் லொக்கென்று இருமுவார்கள். உடனே ஒருத்தி பையிலிருந்து இருமல் மருந்துப் புட்டியை எடுப்பாள். ஆளுக்கு ஒரு வாய்; புட்டி வரிசையாகக் கைமாறும். அதை மருந்தென்றே நாங்கள் எண்ணுவதில்லை. சர்பத்துக்கு உறவு என்றுதான் எண்ணுகிறோம்.

இருமல் எல்லாம் ஒன்றன்று. வறட்டு இருமலை அடக்குவதற்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் சேர்ந்த மருந்து உண்டு. சளியை இளக்குவதற்கு அம்ப்ராக்சால், பிராம்ஹெக்சின் போன்றவை உண்டு. நெஞ்சில் கட்டிய சளியை வெளியே தள்ளத்தான் உடல் இருமுகிறது. அந்த வேளையில் இருமலை அடக்கிவிட்டால் சளி எங்கே போகும்? குளோர்பெனிரமின் சேர்ந்திருந்தால் தூக்கம் வரும். அதைக் குடித்துவிட்டு வந்து தேர்வில் வினாத்தாளின் மேலேயே தலை சாய்த்தவள் எங்கள் வகுப்பில் உண்டு. (பெயர் சொல்லமாட்டோம், அவளும் இந்த மலரைப் படிப்பாள்.) சளிக்கு ஒரு மாத்திரை, இருமலுக்கு ஒரு மருந்து என்று வாங்கினால் இரண்டிலும் அதே பொருள் இருந்துவிடலாம். புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்தால்தான் தெரியும்.

எங்கள் மட்டில் போனால் பரவாயில்லை. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தம்பி தங்கைகளுக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பவர்களும் நாங்கள்தாம். கையில் அகப்பட்ட கரண்டியே அளவு. தேக்கரண்டி என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. கரண்டி மாறினால் மூன்று மடங்கு மருந்து அந்தச் சிறு வயிற்றுக்குள் போய்விடும்.

2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், சாதாரணச் சளி இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் இருபது பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசு சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதித்த எல்லை 0.1 சதவீதம்தான். அந்தத் தாய்மார்கள் மீது என்ன தவறு? நம்பிக் கொடுத்தார்கள். அந்த நஞ்சும் இனிக்கும். நாக்கால் கண்டுகொள்ள முடியாது. மருந்து ஆலையைச் சோதிப்பது அரசின் கடமை. பள்ளிப் பெண்களாகிய எங்களால் அது ஆகாது. ஆனால் தேவையில்லாத மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்றாமல் இருக்க எங்களால் முடியும்.

அவ்வாண்டு அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகமும் இதையே சொன்னது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக வேண்டியதில்லை. பிள்ளைகளின் இருமல் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். வெதுவெதுப்பான நீரும் ஓய்வும் கொடுத்தால் போதும். பாட்டி தேன் குழைத்துக் கொடுப்பதும் நல்லதே, குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியிருந்தால்! மூச்சிரைத்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோய் இல்லையென்று சளியைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். இதற்குக் கடைக்காரரிடம் கேட்டு ஒரு புட்டி வாங்கிக் குடிப்பது நாட்களைக் கடத்தும் வேலை.

இப்போது எங்கள் வகுப்பில் மருந்துப் புட்டி கைமாறுவதில்லை, வெந்நீர்க் குடுவைதான் கைமாறுகிறது. அதையும் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். சீருடைதான் நனைகிறது.