அச்சமா பெண்மை?

பெண் என்றால் அஞ்ச வேண்டும், அஞ்சினால்தான் பெண்! இப்படி ஓர் இலக்கணம் வகுத்து, அதற்கு அழகென்றும் அணியென்றும் பெயர் சூட்டி, நூற்றாண்டு நூற்றாண்டாக அரங்கேற்றி வருகிறார்கள் பழமைப் பித்தர்கள். அவர்களைச் சொல்லிப் பயனென்ன? பகுத்தறிவு பேசும் நம் மேடைகளிலேயே, "அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு தமிழ்ப் பெண்ணின் தனிச்சிறப்பு" என்று முழங்குவோர் உளர்; கைதட்டுவோரும் உளர். அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் நெஞ்சு கொதிக்கிறது.

அச்சம், நாணம், மடம் மூன்றும் பெண்ணுக்கு. பெருமையும் வலிமையும் ஆணுக்கு என்று பங்கு பிரிக்கிறது தொல்காப்பியக் களவியல். பின்வந்தவர் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினர். பயிர்ப்பு எது? பழகாத ஒன்றைக் கண்டு அருவருத்து ஒதுங்குவது. அச்சத்தின் தங்கை! மடம் எது? அறியாமை, அல்லது அறிந்தும் அறியாதது போலிருத்தல். மனுவின் நூலைக் கொளுத்தத் தயங்காத நாம், தமிழ் நூல் சொன்னது என்பதற்காகத் தலையாட்டலாமா? விலங்கு பொன்னால் ஆனதாயினும் விலங்குதானே!

"அச்சம் பெண்ணுக்கு இயற்கை" என்பார்கள். இயற்கையா? 1920ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வாட்சன், ரேய்னர் என்ற இருவர், ஒரு வயதும் நிரம்பாத ஆண் குழந்தையிடம் ஒரு சோதனை செய்தனர். கொடிய சோதனைதான், ஆயினும் பாடம் பெரிது. வெள்ளெலியைக் கண்டு அஞ்சாத குழந்தை அது. அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டை ஓங்கி அடித்தார்கள். சில நாளில், ஓசையே இல்லாமல் எலியை மட்டும் கண்டாலும் குழந்தை அலறிற்று. முயலைக் கண்டும் அழுதது. ஆண் குழந்தை, தோழர்களே! அச்சம் கருவறையிலிருந்து வந்ததா, கற்பித்தவர் கையிலிருந்து வந்ததா?

நம் வீடுகளிலும் அந்த இரும்புத் தண்டு ஒலிக்கிறது, ஓசைதான் வேறு. கரப்பான் பூச்சியைக் கண்டு சிறுமி வீறிட்டால், "பெண் குழந்தையல்லவா!" என்று வாரி அணைக்கிறோம். சிறுவன் வீறிட்டால், "பெண் பிள்ளை போல் அலறுகிறாயே!" என்று தலையில் குட்டுகிறோம். அஞ்சினால் அணைப்பு அவளுக்கு. அஞ்சினால் அடி அவனுக்கு. அவள் அச்சத்தையே தன் உருவமென எண்ணி வளர்கிறாள். அவனோ, அஞ்சுவதாகப் பிறர் கண்டுவிடுவரோ என்ற அச்சத்தையே ஆண்மையென எண்ணி வளர்கிறான். இருவருக்கும் ஒரே ஆசான், அச்சம்!

மிகையச்ச நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதாக மருத்துவக் கணக்குகள் கூறுகின்றன. "பார்த்தீர்களா, இயற்கை!" என்று துள்ளுவார் பழமைவாதி. பிறவிக் கூறு சிறிது இருக்கட்டும், ஐயா! ஒருத்தியை அஞ்சப் பழக்கி, ஒருவனை அச்சத்தை மறைக்கப் பழக்கிவிட்டு, பின் தலையெண்ணிப் பார்த்தால், கணக்கு வேறெப்படி வரும்?

"இருட்டில் ஆபத்து இல்லையா?" என்று கேட்பார் அடுத்தவர். உண்டு. ஆனால் ஆபத்து இருட்டிலிருந்தா வருகிறது? இழிமனம் கொண்ட ஆடவனிடமிருந்து வருகிறது. அவன் தெருவில் உலவ, அவளுடைய விடுதிக்கு மாலையிலேயே பூட்டு! திருடனை விட்டுவிட்டுப் பொருளுக்கு விலங்கு மாட்டும் நீதி இது. எச்சரிக்கை அறிவின் பிள்ளை. அச்சம் அடிமைத்தனத்தின் பிள்ளை.

இந்த அச்சக் கோட்டைத் தாண்டி, "நான் யார் என்பதை நானே சொல்வேன்" என்று எழுகிறார்களே திருநங்கையர், திருநம்பியர், அவர்களை என்ன சொல்கிறது இச்சமூகம்? பயந்த மனத்தின் கோளாறாம்! உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப்பட்டியல், மனநோய் வரிசையிலிருந்து அதை நீக்கிவிட்டது. தன் பாலினத்தைத் தானே உரைக்கும் உரிமையை 2014இல் இந்திய உச்ச நீதிமன்றமும் ஒப்பியது. வீட்டையும் ஊரையும் எதிர்த்து உண்மை உரைப்பவரா கோழை? அவரைக் கண்டு நடுங்குகிறதே சமூகம், அதுவே கோழை!

கற்ற அச்சத்தை மறக்கவும் கற்கலாம். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் ஆய்வாளர், முயலுக்கு அஞ்சிய சிறுவனுக்கு உணவூட்டும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அவன் அதைத் தடவி விளையாடினான். ஆய்வகம் ஏன்? புதுக்கோட்டையைப் பாருங்கள்! 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. ஆயிரமாயிரம் உழைக்கும் பெண்கள், கேலியைக் காற்றில் விட்டு, சக்கரத்தில் ஏறினர். எங்கே போயிற்று இயற்கை அச்சம்? முதல் மைல்கல்லிலேயே இறங்கிவிட்டது!

இளைஞனே! உன் தங்கை அஞ்சும்போது ரசிக்காதே; உன் தம்பி அழும்போது இகழாதே. அவளிடம் மிதிவண்டியைக் கொடு, நீச்சல் கற்பி, இரவுத் தெருவை அவளுக்கும் உரியதாக்கு. மேடையில் எவரேனும் நாற்குணம் பாடினால், அவர் நம்மவரே ஆயினும், எழுந்து நின்று கேள்: "ஐயா, அச்சம் அவ்வளவு உயர்ந்த அணி என்றால், தாங்கள் ஏன் அதை அணிவதில்லை?"