கோபத்தின் விலாசம்

பம்மலிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும் சகோதரிகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் இடிபட்டுப் பல்லாவரம் போய், அங்கே மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். சிலர் பட்டணத்துக் காரியாலயங்களுக்குப் போகிறவர்கள். வேறு சிலருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் ஏற்பட்ட ஏற்றுமதி மண்டலத் தொழிற்சாலைகளில் வேலை. கிளம்பும்போது மாமியார் ஏதாவது சொல்லியிருப்பார். குழந்தை சாப்பிடாமல் அடம் பிடித்திருக்கும். அத்தனையையும் கைப்பையோடு சுமந்துகொண்டு போய் உட்கார்ந்தால், பக்கத்து மேஜைப் பெண், "அக்கா, அந்த ஃபைல் எங்கே?" என்கிறாள். "என்னை ஏன் கேட்கிறாய்?" என்று சுருக்கென்று ஒரு பதில்! அவள் முகம் வாடிவிடுகிறது. பாவம், அவள் என்ன செய்தாள்?

"கோபத்தை அடக்கு" என்பதுதான் பெண்களுக்குக் காலங்காலமாகக் கிடைத்துவரும் உபதேசம். அடக்கிவிட்டால் போதுமா?

பெயரிலேயே இந்த ஊரைத் தாங்கிய பம்மல் சம்பந்த முதலியாரை உங்களுக்குத் தெரியும். 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே நாடகக் கலையை வளர்த்தவர். அவருடைய 'மனோகரா' 1954-இல் சினிமாவாகவும் வந்தது. தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கோபத்தை விழுங்கிக்கொண்டே வருகிறான் மனோகரன். கடைசியில் சங்கிலியை அறுத்துக்கொண்டு பொங்கி எழுகிறான். மேடையில் அது ரசமான கட்டந்தான். ஆனால் வீட்டில்? மேலதிகாரியின் எதிரில் விழுங்கிய கோபம் மாலையில் குழந்தையின் முதுகில் அல்லவா இறங்குகிறது!

அமெரிக்காவில் ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியல் பேராசிரியை, விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். மனசில் சிரிப்பு இல்லாதபோதும் முகத்தில் சிரிப்பை வரவழைப்பது ஓர் உழைப்பு. அதற்கும் களைப்பு உண்டு என்பது அவர் கண்டது. காரியாலயத்தில் நாள் முழுவதும் பொறுமையாக இருந்த பெண் வீட்டுக்கு வந்ததும் சிடுசிடுப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

சரி, வழி என்ன? மாத்யூ லீபர்மன் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் 2007-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கோபமோ பயமோ தெரியும் முகங்களின் படங்களைச் சிலருக்குக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். பெயர் சொன்னபோது, மூளையில் பயம், பதற்றம் இவற்றோடு சம்பந்தப்பட்ட பகுதியின் வேகம் குறைந்திருந்தது.

நாமும் இதைச் செய்து பார்க்கலாம். பதில் சொல்லுமுன் ஒரு விநாடி, "எனக்கு வந்திருப்பது கோபமா, அவமானமா, பசியா, களைப்பா? இது எங்கே ஆரம்பித்தது?" என்று உங்களையே கேளுங்கள். காலையில் அடுப்பங்கரையில் ஆரம்பித்தது என்று தெரிந்தால், ஃபைல் கேட்ட பெண் தப்பித்தாள்!

சில சமயம் அந்த விலாசம் நம் மனசிலேயே இராது. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டும் பெண் எரிந்து விழுந்தால், அவளுக்குக் குணம் போதாது என்கிறோம். கால் வலியென்று நினைப்பதில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்திருக்கிறது. அவளுக்கு வேண்டியது பொறுமையைப் பற்றிய உபதேசமா, ஒரு முக்காலியா? தன் கோபத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறதென்று கண்டுகொண்ட பெண், அதை விழுங்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய முறையில், நிதானமாகக் கேட்கலாம்.

வாய் தவறி அந்தச் சுருக்கென்ற பதில் வந்தே விட்டதா? அதனால் குடி முழுகிவிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்கும்போது, "காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை, அம்மா. உன் பேரில் கோபமில்லை" என்று சொல்லிவிடுங்கள். ஊறுகாயில் ஒரு துண்டு அவளுக்கும் கொடுங்கள்.