வியன்னா நகராட்சி கட்டிய வீடுகள்

வியன்னா என்றதும் வாசகர் பலருக்கு இசையும் அரண்மனைகளுமே நினைவுக்கு வரும். முதல் உலகப் போருக்கு முன் அந்நகரத் தொழிலாளர் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமே ஒரு குடும்பத்தின் வீடு. வாடகைச் சுமை தாளாது, அக்குடும்பமே தன் கட்டிலைப் பிறருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும். இரவெல்லாம் உழைத்தவன் பகலில் வந்து படுப்பான். தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் நடையிலே, பல குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தன. காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்றே பெயர் வழங்கிற்று. இத்தகைய வீட்டாருக்குக் குடும்ப வாழ்வின் மேன்மையைப் போதிப்பது எளிது. அதை வாழ்ந்து காட்டுவது அவர்கள் தலையில் விழுந்தது.

1919-இல் நகராட்சி சமூக ஜனநாயகக் கட்சியினர் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் 1923-இல் வீடமைப்பு வரி ஒன்றை விதித்தார். சிறு குடியிருப்புக்கு அது அற்பத் தொகை, மாளிகைக்கோ பெருஞ்சுமை. ஆயிரத்தில் ஐந்தேயான மிக உயர்ந்த இடங்களிலிருந்து மொத்த வரியில் ஏறத்தாழ 45 சதவீதம் கிடைத்ததாம்! கடன் வாங்காது வரிப்பணத்தில் கட்டியதால், வட்டியை வாடகைக்காரர் தலையில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. பராமரிப்புச் செலவுக்குப் போதுமான வாடகையே கேட்கப்பட்டது. அது தொழிலாளியின் வருவாயில் ஏறத்தாழ 4 சதவீதம். 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

அவற்றுள் புகழ்பெற்றது 1927 முதல் 1930 வரை கட்டப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். ஆனால் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம் நிற்கிறது. எஞ்சியது முற்றமும் தோட்டமும். பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை யாவும் அங்கேயே அமைந்தன. சலவைக்கூடத்தில் அருகருகே நின்ற பெண்கள் அயலாராயினர்.

பெயரைக் கண்டு நம்மவர் சிலர் முகம் சுளிக்கலாம். அன்று ஆஸ்திரியாவின் தலைமை அமைச்சராக இருமுறை இருந்து இவர்களைக் கடுமையாக எதிர்த்த இக்னாஸ் சைப்பல் ஒரு குருவானவர். திருச்சபையின்பால் அக்கட்சியினர் காட்டிய பகைமையும் உண்மையே. எனினும், கூலித் தொழிலாளர் படும் அவதியைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே உலகறியச் சொல்லியிருக்க, அவ்வேழைகளுக்கு ஓர் உறைவிடம் கிடைத்ததைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. 1934 பிப்ரவரி உள்நாட்டுப் போரில் அரசுப் படைகள் அவ்வீடுகளின் மீதே பீரங்கியால் சுட்டன.

நிற்க. இன்றும் நகராட்சிக்குச் சொந்தமாக ஏறத்தாழ 2,20,000 வீடுகள் உள்ளன. குடிபுகும்போது மட்டுமே வருமானம் பார்க்கப்படுகிறது. பின்னர் ஊதியம் உயர்ந்ததென்று எவரையும் வெளியேற்றுவதில்லை. ஆதலால் ஒரே மாடிப்படியில் ஆசிரியரும் துப்புரவுத் தொழிலாளியும் எதிர்ப்படுகின்றனர். 1974 முதல், பழைய பேட்டைகளை இடித்துத் தள்ளாது, குடியிருப்போரை அங்கேயே வைத்துச் செப்பனிடும் முறையும் வளர்ந்தது. 2019-இல் வந்த விதியின்படி, குடியிருப்புக்கென்று புதிதாக வகைமாற்றப்படும் பெரிய மனைகளில் மூன்றில் இரு பங்கு, மானிய வீடுகளுக்கே உரியது.

குறையும் இல்லாமலில்லை. துருக்கியிலிருந்தும் யுகோஸ்லாவியாவிலிருந்தும் அழைத்து வரப்பட்ட தொழிலாளருக்கு, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றாலன்றி, 2006 வரை இவ்வீடுகளின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. இன்றும் நகருக்குப் புதிதாய் வருவோர், தகுதி பெறும் வரை, தனியாரிடம் உயர்ந்த வாடகைக்கே குடியிருக்கின்றனர்.