டர்போவா, சூப்பர்சார்ஜரா? பழைய பெட்ரோல் காரில் பொருத்தினால் எது தாங்கும்?

"வீட்டுல இருக்கிற பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு டர்போ கிட் போடலாமா? சூப்பர்சார்ஜர்தான் ரிப்பேர் வைக்காதுன்னு ஃப்ரெண்ட் சொல்றான்" என்று கேட்டிருக்கிறார் ஒரு கல்லூரி வாசகர். கூடவே, "அப்பா ஆபீஸ் போறதும் இதே கார்லதான்" என்று ஒரு வரி. பதிலில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது தம்பி!

இரண்டும் செய்வது ஊதாங்குழல் வேலைதான். எஞ்சின் தானாக இழுக்கும் காற்றுக்கு மேல் இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், பவர் ஏறும். டர்போவைச் சுழற்றுவது சைலன்சருக்குப் போகும் சூடான புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது எஞ்சினேதான், பெரும்பாலும் ஒரு பெல்ட் மூலமாக.

டர்போ, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பெட்ரோல் காரில் அதன் ஒரு பக்கம் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும் சூடு. இத்தனையையும் தாங்குவது, பேரிங்கில் ஓடும் மெல்லிய ஆயில் படலம். வெளியில் பொருத்தும்போது ஆயில் போக ஒரு லைன், திரும்பி வர ஒரு லைன், புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இன்டர்கூலர், அதற்கான ஹோஸ்கள் என்று வேலை நீளும். ஒவ்வொரு இணைப்பிலும் லீக் ஆக வாய்ப்பு உண்டு. விரட்டி ஓட்டிவந்து சட்டென ஆஃப் செய்தால், உள்ளே தேங்கிய ஆயில் கருகிப் படியும்.

சூப்பர்சார்ஜருக்குப் புகைச் சூடு கிடையாது. பல மாடல்களில் ஆயிலும் தனி. பெல்ட், புல்லி, பேரிங் தேயும். ஆனால் பெரும்பாலும் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பென்ஸ் கார்களின் டிக்கியில் 'கொம்ப்ரெஸர்' என்று எழுதியிருக்குமே, அது இதுதான். என்ன, எஞ்சின் தரும் பவரிலேயே கொஞ்சத்தைத் தின்றுதான் சுழலும். ஆக, பொருத்தும் கருவியை மட்டும் பார்த்தால் ஃப்ரெண்ட் சொன்னது சரி.

ஆனால், முதலில் உடைவது பல நேரம் கருவி இல்லை, எஞ்சின்! டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்களில் கம்ப்ரஷன் ரேஷியோ 10:1, 11:1 என்று ஏற்கெனவே அதிகம். அதற்குள் அரை பார் அழுத்தம் கூடுதலாகத் திணித்தால், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும். இதைத்தான் 'நாக்கிங்' என்கிறார்கள். பிஸ்டனில் ஓட்டை விழுவது வரை போகும். காற்றைத் திணித்தது டர்போவா, சூப்பர்சார்ஜரா என்று பிஸ்டனுக்குத் தெரியாது.

மாருதியின் 998 சிசி எஞ்சினையே பாருங்கள். செலரியோவில் சுமார் 67 குதிரைசக்தி. டர்போ உள்ள ஃப்ரான்க்ஸில் 100. இரண்டாவது, தொழிற்சாலையிலேயே டர்போவுக்காகத் தயாரான எஞ்சின். டர்போ என்றாலே தொல்லை என்பதும் தப்பு. டாக்ஸியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டிசையர் டீசல்களில் இருந்ததும் டர்போதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 2019 திருத்தத்தில் இடம் இருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் கேள்விகள் தனி.

அதனால் அப்பாவின் காரில் கை வைக்க வேண்டாம். கிட், ஈசியூ ட்யூனிங், புது கிளட்ச் என்று ஆகும் செலவோடு ஸ்விஃப்ட்டை விற்ற பணத்தையும் சேர்த்து, கம்பெனி டர்போவோடு வந்த பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் தேடலாம். ரேஸ் டிராக்குக்கென்றே தனி கார் இருந்தால் கதை வேறு. அப்போது என் ஓட்டு, அழுத்தத்தைக் குறைவாக வைத்த சூப்பர்சார்ஜருக்கு. கிட் வாங்குவதற்கு முன்னால், நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடக் கணிசமாகக் குறைந்தாலும், கிட் பணம் முதலில் எஞ்சின் வேலைக்குத்தான் போகும்.