வீட்டுக்குள்ளும் ஒரே பாதை வேண்டும்

மும்பைத் தமிழர்களில் மூத்தவர்களுக்கு ஒரு பழைய சிரமம் நினைவிருக்கும். சென்னை வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கி, டிரங்குப் பெட்டியையும் குழந்தைகளையும் தூக்கிக் கொண்டு எழும்பூருக்குப் போய் வேறு ரயில் பிடிக்க வேண்டும். சென்ட்ரலுக்கு வந்தது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே போனது 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். ஒன்றின் பெட்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. 1992-ல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டம் அந்தத் தொல்லையைப் படிப்படியாகத் தீர்த்தது.

அதே தொல்லை இப்போது 'ஸ்மார்ட்' சாதனங்கள் என்ற பெயரில் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

ஊரில் தனியே இருக்கும் தாய் தந்தையருக்காக, செம்பூரிலோ தாராவியிலோ பிழைக்கும் மகன் தவணையில் ஒரு கேமரா வாங்கி மாட்டுகிறான். அடுத்த தீபாவளிக்கு ஒரு விளக்கு; அதன்பின் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு சுவிட்ச். மூன்றும் மூன்று கம்பெனிகளின் சரக்கு. மூன்றுக்கும் தனித்தனி 'ஆப்', தனித்தனி பாஸ்வேர்டு. இரவில் வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் விளக்கு தானே எரிய வேண்டும் என்பது அவன் எண்ணம். கேமரா பார்க்கிறது, விளக்குக்கு அது தெரிவதில்லை. ஒவ்வொரு சாதனமும் தன் கம்பெனியின் தொலைதூரக் கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசுவதுதான் காரணம்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. அமேசான், ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட கம்பெனிகள் 2019 டிசம்பரில் கூடிப் பேசத் தொடங்கியதன் பலனாக, 'மேட்டர்' என்ற பொதுவிதி 2022 அக்டோபரில் வெளியாயிற்று. இந்த முத்திரை உள்ள சாதனங்கள் எந்தக் கம்பெனியுடையவையானாலும் ஒரே மொழியில் பேசும். வீட்டுக்குள்ளேயே பேசிக் கொள்வதால், வெளியே இன்டர்நெட் அறுந்தாலும் சுவிட்சும் விளக்கும் இயங்கும். வரவேற்க வேண்டிய மாறுதல் இது. ஆனால் கேமராவுக்கு இந்த விதியில் இடம் கிடைத்தது 2025 நவம்பரில்தான். ஏற்கனவே வாங்கி மாட்டிய சாதனங்கள் பலவற்றுக்கு இந்த வசதி வரப் போவதில்லை.

கம்பெனிகளின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. பல கம்பெனிச் சாதனங்களை ஒன்று சேர்ப்பதற்கென்றே 'ரிவால்வ்' என்ற பெட்டி ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் கம்பெனி 2014-ல் அதை விலைக்கு வாங்கியது; 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. பெட்டி பழுதாகவில்லை. ஆயினும் காசு கொடுத்தவர் வீட்டில் அது வெறும் டப்பாவாயிற்று. மாதச் சம்பளக்காரரும் கூலிக்காரரும் இத்தகைய நஷ்டத்தைத் தாங்குவார்களா?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இத்தகைய சாதனங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை கிடைக்கும் என்பதைக் கம்பெனிகள் அறிவித்தே தீர வேண்டும். இங்கும் அத்தகைய சட்டம் அவசியம். எந்தப் பொதுவிதியை ஏற்கிறது, இன்டர்நெட் இல்லாமல் இயங்குமா, எந்த ஆண்டு வரை கம்பெனி கவனிக்கும் ஆகிய மூன்றையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என மத்திய அரசு உத்தரவிட வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனம் 2023-ல் 'டைப்-சி' சார்ஜருக்குப் பொதுத் தரம் வகுத்தது. அங்கே செய்தது இங்கே ஆகாதா?

அதுவரை வாங்குவோர் விழிப்பாக இருக்க வேண்டும். விலை மலிவு என்று கையை நீட்டும் முன், ஏற்கனவே வீட்டில் உள்ளதோடு இது சேருமா என்று கடைக்காரரைக் கேட்பது நல்லது. சேர்த்துக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது. சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்குப் பெட்டி சுமந்த தலைமுறையின் பிள்ளைகள், அதே சுமையை வீட்டுக்குள் சுமக்க வேண்டியதில்லை.