கலரா, கருப்பு வெள்ளையா?

தில்லியில் இருக்கும் நாங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறோம். பல்லாங்குழி, தாயம், ஆடு புலி ஆட்டம், பரமபதம் எல்லாம் எப்படி ஆடுவது என்று இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் விளையாட்டுப் புத்தகம். எளிய தமிழ், டெமி சைஸ், 96 பக்கம், 500 பிரதி. இவ்வளவும் பேசி முடித்தாச்சு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூணு வாரமாக இழுபறி. முழுக்கக் கலரில் போடுவதா, கருப்பு வெள்ளையில் போடுவதா?

பேங்க்காரன் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக் கலர் வேண்டாம். எங்கே கலர் இல்லாமல் ஆட்டம் புரியாதோ, அங்கே மட்டும் கலர் போதும்.

கலர் வேண்டும் என்கிறவர்கள் சொல்வது லேசுப்பட்ட வாதம் இல்லை. எங்கள் குழுவில் மூத்தவர், ரிட்டையரான டீச்சரம்மா ஒருவர், இப்படிச் சொன்னார்: "இங்கிலீஷ் புத்தகம் பளபளன்னு இருக்கு, ஹிந்தி புத்தகமும் கலர்ல வருது. தமிழ்ப் புத்தகம் மட்டும் மங்கலா இருந்தா, தமிழ்னாலே பழசு, ஏழைன்னு குழந்தை மனசுல பதிஞ்சுடும் தம்பி." இதற்குப் பதில் சொல்லாமல் வெறும் ரூபாய்க் கணக்கை நீட்டினால் அது கஞ்சத்தனம் ஆகிவிடும். பதில் கடைசியில் வருகிறது. முதலில் கணக்கு.

ஆஃப்செட்டில் இந்த அளவுப் புத்தகத்தை 16 பக்கம் கொண்ட ஃபாரமாக அடிப்பார்கள். தாளின் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8. கருப்பு மை மட்டும் என்றால் ஒரு ஃபாரத்துக்கு 2 பிளேட். கலர் என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு மை, நாலு பிளேட்; இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 8. எங்கள் 96 பக்கம் 6 ஃபாரம். கருப்பு வெள்ளைக்கு 12 பிளேட், முழுக் கலருக்கு 48. அதோடு, கலர் அடித்தால் மறுபக்கத்து மை தெரியாத கனமான தாள் வேண்டும், அதற்கும் தனிச் செலவு. டிஜிட்டலில் பிளேட் செலவே இல்லை, உண்மைதான். 50, 100 பிரதிக்கு அது சரி. ஆனால் எத்தனை பிரதி போட்டாலும் ஒரு பிரதியின் அடக்க விலை பெரிதாகக் குறையாது.

இப்போது ஒரு பேச்சுக்குச் சில எண்களை வைத்துப் பார்ப்போம் (அச்சகத்துக்கு அச்சகம் மாறும், முறைதான் முக்கியம்). கருப்பு வெள்ளைக்கு ஓவியம், வடிவமைப்பு, பிளேட் எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாய், அதற்கு மேல் பிரதிக்கு 50. 500 பிரதிக்கு மொத்தம் 65,000. முழுக் கலருக்கு 64,000, பிரதிக்கு 110. மொத்தம் 1,19,000.

பி.காம். படித்தவர்கள் உடனே பிரேக் ஈவன் சூத்திரத்தை எடுப்பார்கள். விலையிலிருந்து பிரதிச் செலவைக் கழி, மீதியால் நிலையான செலவை வகு என்று. பேனா மாதிரி விற்க விற்கச் செய்கிற பொருளுக்கு அது பொருந்தும். புத்தகத்தை 500ஐயும் ஒரே நாளில் அச்சடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிடுகிறோம். தாளுக்குக் கொடுத்த காசும் போனது போனதுதான். ஆகவே போட்ட மொத்தப் பணத்தையும் விற்பனை விலையால் வகுக்க வேண்டும். கருப்பு வெள்ளையை 150 ரூபாய்க்கு விற்றால் 434 பிரதி விற்றதும் முதல் திரும்பும். கலரையும் 150க்கே கொடுத்தால் 794 விற்க வேண்டும். அச்சடித்ததே 500! அப்படியானால் விலையை 300 ஆக்க வேண்டும், அப்போது 397 போதும்.

"பார்த்தீங்களா, கலர்லதான் சீக்கிரம் முதல் வருது" என்று ஒரு நண்பர் துள்ளினார். காகிதத்தில் அப்படித்தான் வரும் :-) ஆனால் வாங்குவது யார்? தில்லித் தமிழர் என்றால் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்காரர்கள் மட்டுமில்லை. வீட்டு வேலைக்குப் போகிற, இஸ்திரி போடுகிற தமிழ்க் குடும்பங்களும் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் பல்லாங்குழி சொந்தம்தான். 300 ரூபாய் விலை போட்டால், இது உங்களுக்கு இல்லை என்று அட்டையிலேயே எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, கலரால் ஆட்டத்துக்கு என்ன லாபம்? ஆக்ராப் பக்கம் போனவர்கள் ஃபதேபூர் சிக்ரியில் தரையிலேயே அமைத்திருக்கும் பச்சீசிக் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் நாலு பேருக்கு நாலு நிறக் காய். நிறம் இல்லாவிட்டால் யார் காய் எது என்று தெரியாது. தசாவதாரக் கஞ்சிஃபா சீட்டில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 வட்டச் சீட்டு. பின்னணி நிறத்தைப் பார்த்தே எந்த வரிசை என்று கண்டுபிடிக்கலாம். இங்கெல்லாம் கலர் அலங்காரம் இல்லை, தகவல்.

ஆனால் ஆடு புலி ஆட்டம்? 3 புலி, 15 ஆடு, சில கோடுகள். நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் கல்லில் கீறியே ஆடியிருக்கிறார்கள். பல்லாங்குழிக்கு 14 குழி. கலர் அங்கே ஒன்றும் கூட்டாது.

தமிழ் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது. கருப்பு வெள்ளை, மலிவுத் தாள். நம்மில் யாராவது அதை மங்கல் என்று ஒதுக்கினோமா? ஒதுக்காததற்குக் காரணம், அந்தப் பிரிட்டிஷ் ஓவியங்களே கருப்பு வெள்ளைக்காகத் தீட்டப்பட்டவை. 2012க்குப் பிறகு லயன், முத்து இதழ்கள் ஆர்ட் பேப்பரில் கலருக்கு வந்தபோது, லக்கி லூக் மாதிரி கலருக்காகவே வரைந்த ஐரோப்பியக் கதைகளுக்கு அது நியாயம் செய்தது. அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது படம் எதற்காக வரையப்பட்டது என்பதுதான்.

விளையாட்டுப் புத்தக உலகமும் அப்படியே. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல் வெளிவந்தபோது ஒரு பெட்டியில் மூன்று கருப்பு வெள்ளைச் சிறு புத்தகங்கள், முதலில் அடித்தது 1,000 பெட்டிதான். 1982ல் இங்கிலாந்தில் பஃபின் வெளியிட்ட 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்', உள்ளே முழுக்கக் கோட்டோவியம். பிள்ளைகள் பென்சிலும் தாயக்கட்டையுமாக அதன் மேல் விழுந்து கிடந்தார்கள்.

இன்னொன்று. விளையாட்டுப் புத்தகம் அலமாரியில் நிற்பதற்கு இல்லை. கட்டத்தை ஜெராக்ஸ் எடுத்து, காய் வைத்து, கிழிந்தால் மறுபடி எடுத்து ஆடுவதற்கு. கோட்டுப்படம் முனீர்க்கா தெருமுனைக் கடையில் எடுத்தாலும் அழகாக வரும். கலர்ப் பக்கத்தைச் சாதாரண ஜெராக்ஸ் எடுத்தால் கரி பூசின மாதிரி வரும். கருப்பு வெள்ளைப் பரமபதத்துக்குக் குழந்தையே கிரேயான் தீட்டிக்கொள்ளும். தீட்டின பாம்பு அதன் சொந்தப் பாம்பு.

ஆகவே என் யோசனை இதுதான். தாயம், பரமபதம் மாதிரி நிறம் தேவைப்படும் கட்டங்களையும் காய்களையும் நடு ஃபாரத்தில் ஒன்றாகச் சேர்த்து, அந்த 16 பக்கத்தை மட்டும் கலரில் அடிப்போம். மற்ற 5 ஃபாரம் கருப்பு. 10 பிளேட்டும் 8 பிளேட்டும் சேர்ந்து 18. மேலே சொன்ன அதே பேச்சுக் கணக்கில் மொத்தம் 76,000 ஆனால், 180 ரூபாய் விலையில் 423 பிரதி விற்றதும் முதல் வந்துவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத பார்வை சிலருக்கு உண்டு. அவர்களுக்காக ஒவ்வொரு காயிலும் நிறத்தோடு வட்டம், முக்கோணம் என்று வடிவமும் வைப்போம்.

இனி டீச்சரம்மாவுக்குப் பதில். அவர் பயம் சரியானது, ஆனால் மங்கல் வருவது கலர் இல்லாததால் இல்லை. இன்டர்நெட்டில் இறக்கிய படம், நெருக்கியடித்த எழுத்து, பிழை திருத்தாத பக்கம், இதெல்லாம்தான் மங்கல். முழுக் கலருக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கை நல்ல கோட்டோவியருக்கும் மெய்ப்பு பார்ப்பவருக்கும் கொடுத்தால் கருப்பு வெள்ளையே கம்பீரமாக இருக்கும். அதைப் பார்க்கிற குழந்தை தமிழை ஏழை என்று நினைக்காது.

அதோடு, எவ்வளவு கலர் போட்டாலும் பிள்ளை தானாகப் பல்லாங்குழியை எடுத்து உட்காராது. எதிரே அப்பாவோ பாட்டியோ சோழியோடு உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரத்தை எந்த அச்சகத்திலும் அடித்து வாங்க முடியாது. வருகிற ஞாயிறு ஆறு குடும்பமும் கூடி ஓட்டுப் போடுகிறோம். என் ஓட்டு 18 பிளேட்டுக்கு.