கரடியும் தெருவிளக்கும்

"கோத்தகிரியில கரடி வந்துருச்சு" என்று செய்தி வந்தாலே, "தனியா போகாதீங்க" என்ற அறிவுரையும் கூடவே வந்துவிடும். கொழுந்து பறிக்கும் என் அம்மா வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

கரடிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. புதர் மறைவில் திடீரென்று எதிரே போய் நின்றால் மிரண்டு பாய்ந்துவிடும். குட்டியை முதுகில் சுமந்துவரும் தாய்க்கரடி இன்னும் ஆபத்து. அதனால்தான் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். மரத்தில் ஏறியும் பிரயோஜனமில்லை, அதுவும் ஏறும்! காட்டுமாடு நின்றால் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

இதெல்லாம் பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா? கறையானும் பழமும் தின்னும் கரடியை வீட்டுப் பக்கம் இழுப்பது நாம் கொட்டும் எச்சில் சோறுதானே? விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைத்த கரடிகளும் உண்டு.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியைக் காக்கிறது. நல்லதுதான், காடு அதன் வீடு. தொழிலாளியைக் காப்பது எது? குப்பைத்தொட்டிக்கு மூடி, பாதைக்கு விளக்கு, வீட்டோடு கழிப்பறை. இம்மூன்றும் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

எங்க வீட்டுல முதன்முதலா படிக்க வந்தவன் நான், படிப்பது சிவில். பெரிய அணை கட்டுவது இருக்கட்டும். முதலில் லைன் வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டுவோமா, நண்பர்களே?